இருபத்தாறு வீடுகளும் ஒரு ராக்கெட்டும்

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தே முக்காலுக்கு, நெடுவிளை லைன் தெருவின் இருபத்தாறு வீடுகளும், அடுப்பில் உலை கொதித்தது கொதித்தபடி, கொடியில் சேலை காய்ந்தது காய்ந்தபடி, தொட்டிலில் பிள்ளை உறங்கியது உறங்கியபடி, இரண்டடி பின்னால் தள்ளிப் போய் நின்று ராக்கெட்டின் முதல் துண்டுக்கு வழி விட்டன. வண்டி வளைவைத் தாண்டியதும், போன மாதிரியே திரும்பி வந்து தங்கள் இடத்தில் நின்றுகொண்டன. தெருவில் யாரும் கூச்சல் போடவில்லை. தங்கபுஷ்பம் மட்டும் கரண்டியோடு வாசலுக்கு வந்து, "ஏ பேச்சி, இனிமே இப்படி எதாவது வருதுன்னா முன்கூட்டியே சொல்லுட்டி. பாலு பூரா பொங்கிப் போச்சு" என்றாள்.

பேச்சிக்கனி தண்டவாளத்தின் ஓரத்தில் சிவப்புக் கொடியை விரிக்க மறந்து நின்றிருந்தாள். நாற்பத்திரண்டு வயது. ரயில்பாதை கேங்கில் பதினோரு வருசமாக வேலை. அவளுடைய அப்பா சுயம்பு பார்த்த வேலை. அவர் பணியிலேயே செத்துப்போனதால் மகளுக்கு வந்தது. எழுபதாவது கிலோமீட்டரிலிருந்து எழுபத்து நாலு வரைக்கும் தினமும் நடந்து, கழன்ற கிளிப்பை அடித்து இறுக்கி, சரிந்த ஜல்லியை வாரிப் போட்டு, வெயிலுக்குத் தண்டவாளம் நெளிகிறதா என்று குனிந்து பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. இருபத்தாறு வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. அதற்குப் பின்னால் ஓடை, ஓடைக்கு அந்தப்புறம் உடைமுள் காடு.

லைன் தெரு ஏன் லைனை ஒட்டி இருக்கிறது என்று நெடுவிளையில் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். பாதை போட மண் சுமந்த கூட்டத்துக்கு மேலத்தெருக்காரர்கள் ஊருக்குள் ஒரு சாண் இடமும் தரவில்லை. அதனால் அவர்கள் போட்ட பாதையின் ஓரத்திலேயே படுத்தார்கள், படுத்த இடத்தில் கூடாரம் போட்டார்கள், கூடாரம் மண் வீடாகி, மண் வீடு செங்கல் வீடாகியது. பாதை அவர்களுடைய தோள் போட்டது, மண் அவர்களுடையது அல்ல. பட்டா கிடையாது. வாசலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு ஆடு படுக்கிற அகலம்தான் இருந்தது. ஆகவே அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு: ரயில் வருவதை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள், "ஒதுங்கு!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அந்தக் குரல் கேட்டதும் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் காலை மடக்குவார்கள், முறத்தை உள்ளே இழுப்பார்கள், ஆடுகளும்கூடச் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும். நான்கு தலைமுறையாகத் தினம் எட்டுத் தடவை அந்தக் குரலைக் கேட்ட செங்கலும் சுண்ணாம்பும் ஒருநாள் அதைத் தங்களுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டதில் லைன் தெருவுக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ராக்கெட்டு நெடுவிளை வழியாக ஏன் போனது என்பதற்கும் காரணம் எளிதுதான். வடக்கே எங்கோ வார்த்த துண்டுகள் தெற்கே கடற்கரைத் தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சாலை குலுக்கும், பாலம் தாங்காது, ஆகவே ரயில். தாழ்வான நீள வேகனில் ஒரு துண்டை வெள்ளைத் தார்ப்பாயில் சுற்றிப் படுக்க வைத்து, பின்னால் ஒரு பெட்டியில் காவலுக்கும் கவனிப்புக்கும் ஆட்களை ஏற்றி, மாட்டு வண்டி முந்திப் போகிற வேகத்தில் ஓட்டி வருவார்கள். அதற்கு முன்னால் எலும்புக்கூட்டு வண்டி வரும். அது கேங்குக்காரர்கள் வைத்த பெயர்: ராக்கெட்டுத் துண்டின் அளவுக்கே மரச்சட்டம் அடித்து, சட்டத்தின் விளிம்பெல்லாம் ஈர்க்குச்சி கட்டிய ஒரு வேகன். அதை உருட்டிக்கொண்டே போவார்கள். எங்கே குச்சி ஒடிகிறதோ அங்கே ராக்கெட்டு இடிக்கும் என்று அர்த்தம். பாலத்துக் கைப்பிடியில் ஒடிந்தால் கைப்பிடியை வெட்டுவார்கள், மரக்கிளையில் ஒடிந்தால் கிளையை வெட்டுவார்கள்.

எழுபத்தொன்றாம் கிலோமீட்டரில் பாதை வளைகிறது. நீளமான சாமான் வளைவில் திரும்பும்போது அதன் நடு வயிறு உள்பக்கம் தள்ளும். உள்பக்கத்தில் லைன் தெரு. வெளிப்பக்கத்தில் மேலத்தெருவின் கல்யாண மண்டபம், அதைச் சுற்றி ஆளுயரச் சுவர். லைன் தெருப் பெண்கள் அந்தச் சுவருக்குள் போனதுண்டு, பந்தி முடிந்த பிறகு அண்டா கழுவ. எலும்புக்கூட்டு வண்டி அந்த வளைவில் வந்தபோது இருபத்தாறு வீட்டுத் தாழ்வாரங்களிலும் பட்டு ஈர்க்குச்சிகள் பொரி வறுக்கிற சத்தத்தோடு ஒடிந்தன. ஒரு அடி இடிக்கிறது என்றார் செக்‌ஷன் இன்ஜினியர் கோவர்த்தன். மறுநாளே வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. முன்சுவரையும் தாழ்வாரத்தையும் இடிக்க நாளும் குறித்தாகிவிட்டது. ஆனால் ராக்கெட்டு கிளம்புகிற நாள் முன்னால் வந்துவிட்டதால், குறித்த நாளுக்கு ஒன்பது நாள் முந்தி முதல் துண்டு வந்துவிட்டது. வளைவுக்கு இருநூறு அடி முன்னால் சிவப்புக் கொடி காட்டி நிறுத்து என்று பேச்சிக்கனியை நிற்க வைத்திருந்தார்கள். அவள் வண்டியைப் பார்த்தாள், இத்தனை பெரியதை அவள் கண் கண்டதில்லை, கைக்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது. "ஒதுங்கு!" என்று கத்தினாள்.

கோவர்த்தன் டிராலியில் வந்து இறங்கும்போது வெள்ளை வால் வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒதுங்கிருச்சு சார்."

"எது?"

"வீடு."

அவர் இருபத்தாறு வாசலையும் ஒருமுறை பார்த்தார். உடையாத தாழ்வாரங்களைப் பார்த்தார். நல்ல மனுசன்தான், இரண்டு வருசத்தில் ஓய்வு. பையிலிருந்து நோட்டை எடுத்து, 'தடை நீங்கியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலாபீசில் அதைப் படித்தவர்கள் அடுத்த சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்த்தார்கள்: எழுபத்தொன்றாம் கிலோமீட்டரில் உள்ள குடியிருப்புகள், பணியிலிருக்கும் பாதைக்காவலர் குரல் கொடுக்க, ஒதுங்கிக்கொள்ளும். அப்படி ஒரு வரி எழுதியாகிவிட்டால் பிறகு அது விதி. விதியைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

தெரு பழகிக்கொண்டது. இரண்டாவது துண்டு வருவதற்குள், குடத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் பிடிக்கக் கூடாது, அடுப்பில் பால் இருந்தால் இறக்கிவிட வேண்டும், ஊசியில் நூல் கோக்கிறவர்கள் குரல் கேட்டதும் கையை நிறுத்த வேண்டும் என்று பெண்கள் தங்களுக்குள் முறை வகுத்துக்கொண்டார்கள். வீடுகள் ஒன்று போல நகர்வதில்லை என்பதும் தெரிய வந்தது. தங்கபுஷ்பத்தின் வீடு விறுவிறுவென்று போய் விறுவிறுவென்று வரும். டீக்கடைத் தாவீதின் வீடு வயசானது, அரைச்சுவரில் யாராவது கை வைத்து, "மெல்ல, மெல்ல" என்று சொன்னால்தான் கிளம்பும். பொதுச்சுவர் வைத்த இரண்டு வீடுகள் ஒருமுறை திரும்பி வரும்போது ஜன்னலை மாற்றிக்கொண்டன. அதற்காக அந்த இரண்டு குடும்பமும் மூன்று நாள் பேசாமல் இருந்து, நான்காம் நாள் இந்த ஜன்னலில்தான் காற்று நன்றாக வருகிறது என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், "வீடு எத்தன தடவ நகந்திருக்கு?" என்று கேட்டு, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுப் போனார்கள். தபால்காரர் மட்டும் கொஞ்ச நாள் வெளியிலேயே நின்று, "எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்டு, வந்தாச்சு என்று பதில் வந்த பிறகே கடிதத்தை நீட்டினார்.

தாவீது வாரியலால் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டே சொன்னார். "நம்ம வீட்டத் தாண்டித்தான் அது ஆகாசத்துக்குப் போகணும், பாத்துக்கோ. நாம ஒதுங்கலேன்னா நிலாவுக்கு ஆள் இல்ல."

அதில் தெருவுக்குப் பெருமையும் இருந்தது. வண்டி போகும்போது பிள்ளைகள் தூக்கம் கலையாமல் நகரும் தொட்டிலில் கிடந்தன, பெரியவர்கள் நகரும் வாசலில் நின்று கை காட்டினார்கள். கேட்டது ஒரு அடிதான், வீடுகள் விட்டது இரண்டடி. அது அந்தத் தெருவின் குணம்.

மூன்றாவது துண்டின்போது மேலத்தெரு பார்க்க வந்தது. குடை பிடித்துக்கொண்டு, மண்டபத்துச் சுவரின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மண்டபக் கமிட்டித் தலைவர் சங்கரவேலு முன்வரிசையில். பேச்சிக்கனி குரல் கொடுத்தாள். வீடுகள் ஒதுங்கின. வண்டி போனது. வீடுகள் வந்தன. யாரோ கைதட்டினார்கள்.

"இதுல என்னவே அதிசயம்?" என்றார் சங்கரவேலு, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது போல, ஆனால் பாதைக்கு இந்தப்பக்கம் வரைக்கும் கேட்கிற குரலில். "அவங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து வந்த பழக்கம்லா. ஆளுக்குத் தெரிஞ்சது வீட்டுக்கும் தெரியுது."

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, ஒரு பழைய விசயத்தை நினைவுபடுத்திக்கொண்ட சிரிப்பு. பேச்சிக்கனி கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடித்தாள், மறுபடி விரித்தாள், மறுபடி சுருட்டினாள். அவளுக்கு அப்பாவைக் குளிப்பாட்டிய நாள் ஞாபகம் வந்தது. செத்த உடம்பைப் பலகையில் கிடத்தி எண்ணெய் வைத்தபோதுதான் அவள் அதை முதன்முதலில் முழுதாகப் பார்த்தாள்: இடது தோளிலிருந்து இடது கணுக்கால் வரைக்கும் பொடிப்பொடியாக முள் கீறிய தழும்பு, எண்ண முடியாத தழும்பு, வலது பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மேலத்தெரு வழியாக ஸ்டேசனுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் இடது பக்கம் முள்வேலி; திரும்பி வருவது லைன் மேலே நடந்து. எதிரே யார் சைக்கிளில் வந்தாலும் அப்பா அந்தப் பக்கம்தான் ஒதுங்குவார். கேட்டது ஒரு அடி, அவரும் இரண்டடி விடுகிறவர்.

அன்றைக்கு வேலை முடிந்து வந்து அவள் முதன்முதலாக டேப்பைப் பிடித்து அளந்தாள். தண்டவாளத்துக்கும் தன் வாசல் படிக்கும். பிறகு தங்கபுஷ்பத்தின் வாசலுக்கு, பிறகு தாவீதின் கடைக்கு. நோட்டீசில் எழுதியிருந்த பழைய அளவோடு ஒப்பிட்டு, அளந்துகொண்டே தெருவின் தலை வரைக்கும் போனாள். வீடுகள் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் புறப்பட்ட இடத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நாலு விரற்கடை குறைவாக வந்து நின்றன. மூன்று தடவைக்கு ஒரு சாண் போய்விட்டது.

மேலாபீசும் அதைக் கவனித்திருந்தது. காலியாகிற மண்ணை அது விட்டு வைக்காது. நான்காவது துண்டு போன மறுநாள் வேனில் எல்லைக்கற்கள் வந்து இறங்கின. வீடுகள் விட்டுக்கொடுத்த இடத்தின் விளிம்பில், வாசல் படிகளை முட்டுகிற மாதிரி இருபத்தாறு கல். குழி தோண்டியது கேங். தன் வீட்டுக் கல்லுக்குப் பேச்சிக்கனியே குழி தோண்டினாள்.

தெரு இதற்கும் பழகப் பார்த்தது. கல்லின் மேல் மாவு சலித்தார்கள், கல்லில் சாய்ந்து பேன் பார்த்தார்கள். ஐந்தாவது துண்டுக்கான எலும்புக்கூட்டு வண்டி வந்த பிறகு பழக முடியவில்லை. எல்லாவற்றிலும் பெரியது அதுதான், ராக்கெட்டின் அடிவயிறு. ஒன்றரை அடி இடிக்கிறது என்றார் கோவர்த்தன்.

"ஒன்றரை கேட்டா மூணு விடும்" என்றாள் தங்கபுஷ்பம். அவள் பேச்சிக்கனியின் அண்ணன் மனைவி, கணக்கில் தெருவிலேயே கெட்டி. தாவீதின் கடை பெஞ்சில் பத்துப் பேர் இருந்தார்கள். "கடைசி மூணு வீட்டுக்கும் ஓடைக்கும் நடுவுல இருக்குறது ரெண்டடி. பெறவு உலைய ஓடைக்குள்ளதான் வைக்கணும்."

"மூணு வீடுதான" என்று யாரோ சொல்லிவிட்டு, பேச்சிக்கனி இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"இன்னைக்கு மூணு" என்றாள் பேச்சிக்கனி. "இன்னும் ஒம்பது துண்டு இருக்காம். பெருசு பெருசா. நான் கூப்பிட மாட்டேன்."

தாவீது டீ ஆற்றுவதை நிறுத்தினார். "ஏட்டி, வேல போயிரும். விதியில எழுதியிருக்கான். ஒங்க அப்பன் செத்து வாங்குன வேல."

"தெரியும் சித்தப்பா."

"நீ கூப்பிடலேன்னா வேற ஆளு கூப்பிடுவான். வீடு யார் சொன்னாலும் கேக்கும். அதுக்குப் பழகிப்போச்சுல்லா."

பேச்சிக்கனி எழுந்தாள். வீட்டுக்குப் போய்ச் சுவரில் கை வைத்தாள். தூரத்தில் ஏதோ சரக்கு வண்டியின் ஹாரன் கேட்டது. கைக்குக் கீழே சுவர் மெல்ல உள்வாங்கியது, அடிக்கு ஓங்கிய கையைப் பார்த்த கன்றின் தோல் சிலிர்ப்பது போல. "நில்லு" என்றாள். நின்றதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது துண்டு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வந்தது. மேலத்தெரு ஏழு மணிக்கே நாற்காலி போட்டுவிட்டது. பேச்சிக்கனி வளைவுக்கு இருநூறு அடி முன்னால் நின்றாள், சிவப்புக் கொடியை விரித்தாள், இந்தத் தடவை மறக்கவில்லை. டீசல் இன்ஜின் பெருமூச்சு விட்டு நின்றது. கோவர்த்தன் டிராலியிலிருந்து இறங்கி ஜல்லியில் தடுக்கிக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னம்மா கொடி? கூப்பிடு."

"தொண்ட சரியில்ல சார்."

"பேச்சிக்கனி, விளையாடாத. சஸ்பெண்ட் பண்ணச் சொல்லுவாங்க. நான்தான் கையெழுத்துப் போடணும்."

"போடுங்க சார். ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல."

அவர் தெருவைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் தானே கையைக் குவித்து, "ஒதுங்கு" என்றார். கூச்சத்தோடு சொன்னார். இன்னொரு தடவை சொன்னார். வீடுகள் அசையவில்லை. அவர் குரல் அவற்றுக்குத் தெரியாது.

அப்போது பாதைக்கு அந்தப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம். சங்கரவேலு எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், தொண்டையைச் செருமினார். "ஒரு தெருவ ஒதுங்கச் சொல்லத் தெரியாம என்ன ஆபீசரு" என்றார். பிறகு கூப்பிட்டார்.

பெரிய குரல்கூட இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார், அவர் அப்பா சொன்னது போல, அவருடைய அப்பா சொன்னது போல, சைக்கிள் மணியை அடிக்காமலே. அந்தக் குரல் வீடுகளுக்குத் தெரிந்திருந்தது. இருபத்தாறு வீடும் நடுங்கின. ஓடுகள் கலகலத்தன. முதல் வீட்டின் தாழ்வாரம் தானாக ஒரு சாண் உள்ளே போனது, இரண்டாவது வீடு குதிகாலைத் தூக்கியது, கடைசியில் ஓடைக் கரையிலிருந்து மண் சரிந்து தண்ணீரில் விழுகிற சத்தம் பேச்சிக்கனிக்குத் தெளிவாகக் கேட்டது. அது அவள் அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற மண்.

அவள் கத்தவில்லை. கொடியை மடியில் போட்டுக்கொண்டு, இருந்த இடத்திலேயே, தண்டவாளத்துக்கு நடுவில், சுடுகிற ஜல்லியில் உட்கார்ந்தாள். அதைப் பார்த்துத் தங்கபுஷ்பம் கரண்டியோடு வந்து தன் வாசலில், எல்லைக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தாவீது கடையை விட்டு வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே உட்கார்ந்தார். இப்படியே ஒவ்வொரு வாசலாக, பேசாமல், கோசம் போடாமல், தெருவே உட்கார்ந்தது. பிறகு வீடுகள் உட்கார்ந்தன. முதலில் தாவீதின் கிழட்டு வீடு, அதற்குத்தான் நிற்க முடியவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அடுத்தது தங்கபுஷ்பத்தின் வீடு, அடுத்தது ஜன்னலை மாற்றிக்கொண்ட இரண்டும் ஒன்றாக. நான்கு தலைமுறையாக ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த இருபத்தாறு வீடுகளும், வந்த காரியம் முடியாமல் எழுந்திருக்கப் போவதில்லை என்கிற மாதிரி, முழங்கால் அளவுக்கு மண்ணுக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தன. பேச்சிக்கனி வீட்டின் வாசல் படி எல்லைக்கல்லின் மேலேயே உட்கார்ந்தது. கல் மண்ணுக்குள் போயே போய்விட்டது.

சங்கரவேலு இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். உட்கார்ந்திருப்பதை ஒதுங்கச் சொல்ல அவருக்கும் வழக்கமில்லை. குரல் பிசிறியது.

ராக்கெட்டுக்குப் பின்னாலிருந்த பெட்டியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. துண்டோடு கூடவே வடக்கிலிருந்து வருகிற இன்ஜினியர், பெயர் ஷெரின், நாகர்கோவில் பக்கம். நான்கு நாளாகத் தூங்காத கண்.

"அக்கா, இது வெயில்ல நிக்கக் கூடாது. உள்ள இருக்குறது எரியுற மருந்து. சூடு ஏறினா மொத்தமும் வீண். ஒரு சிராய்ப்புகூட படக் கூடாது. நீங்க என்ன கேக்குறீங்களோ சொல்லுங்க, நான் பேசுதேன்."

"நாங்க ராக்கெட்டுக்கு எதிரியில்லம்மா" என்றாள் பேச்சிக்கனி. "போகட்டும். நல்லாப் போகட்டும். நாங்க ஏன் போகணும்? நிலாவுக்கு எத்தன மைலுன்னு பிசகாமச் சொல்லுதீங்க. இந்த ஒன்றரை அடிக்கு ஒங்களுக்கு வேற கணக்கே வரலையா?"

ஷெரின் வளைவைப் பார்த்தாள். இந்தப்பக்கம் பார்த்தாள், அந்தப்பக்கம் பார்த்தாள். "லைனை அந்தப் பக்கம் ஒன்றரை அடி நகர்த்த முடியாதா?" என்று கோவர்த்தனைக் கேட்டாள்.

கோவர்த்தன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"முடியும்" என்றாள் பேச்சிக்கனி. "நாங்க போட்ட லைனுதான. அறுபது பேரு, கடப்பார, ஜாக்கி. சாயங்காலத்துக்குள்ள முடியும்."

"அப்ப ஏன் முதல்லயே செய்யல?"

"அந்தப் பக்கம் மண்டபம்" என்றார் கோவர்த்தன், தரையைப் பார்த்துக்கொண்டு. "இந்தப் பக்கம் வீடுங்க ஒதுங்கிருச்சு. யாரும் கேக்கல."

ஷெரின் வண்டிக்கு மேல் பந்தல் போடச் சொன்னாள். மேலாபீசுக்குப் போனில் என்ன சொன்னாள் என்பது தெரியவில்லை, ஆனால் நின்றுகொண்டே சொன்னாள், இரண்டு தடவை "இல்ல சார்" என்று சொன்னாள். பத்து மணிக்கு மூன்று கேங் வந்து சேர்ந்தது. ஜல்லியை வாரி ஒதுக்கினார்கள், வளைவின் நீளத்துக்கும் கடப்பாரையை வரிசையாகக் கொடுத்தார்கள். பேச்சிக்கனி மூன்றாவது கடப்பாரை. லைன் தெருவின் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள், பிறகு கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவர்களும் கடப்பாரை பிடித்தார்கள். கேங்குக்குத் தலைவரான மேட் பாட்டெடுத்தார், ஒரு பாட்டுக்கு ஒரு விரற்கடை. வீடுகள் தண்டவாளத்தை ஒட்டிச் சம்மணமிட்டு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. இதில் மாயம் ஒன்றுமில்லை. மாலை நாலரைக்கு எல்லார் உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது, பாதை ஒன்றரை அடி மண்டபத்துப் பக்கம் தள்ளிக் கிடந்தது.

எலும்புக்கூட்டு வண்டியை மறுபடி உருட்டினார்கள். லைன் தெருப் பக்கம் ஒரு குச்சியும் ஒடியவில்லை. தெரு மூச்சு விட்டது. அந்தப் பக்கம், மண்டபத்துச் சுவரின் மூலையில், டக் டக் என்று நாலு குச்சி ஒடிந்தது.

சங்கரவேலு அதற்குள் கமிட்டி ஆட்களோடு வந்து சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். "ஒரு செங்கல்ல கை வச்சுப் பாருங்க" என்றார்.

"நாலு விரற்கடைதான்" என்று கோவர்த்தன் மெல்லச் சொன்னார். "ஆனா சுவர இடிக்கணும்னா மேலாபீஸ் உத்தரவு வேணும். அப்புறம் நோட்டீஸ், அப்புறம் ஆட்சேபம் கேக்கணும். பத்து நாளாவது ஆகும்."

"எங்களுக்கு ஒரு நாள்தான் ஆச்சு" என்றாள் தங்கபுஷ்பம்.

ஷெரின் பந்தலைப் பார்த்தாள், சூரியனைப் பார்த்தாள். பேச்சிக்கனி கடப்பாரையைக் கீழே வைத்தாள், உரிந்த கையைச் சேலையில் ஒற்றினாள்.

"எதுக்கு சார் இடிக்கணும்? பாவம், நல்ல சுவரு. கூப்பிட்டுப் பாப்போம்."

அவள் தண்டவாளத்தின் நடுவில் ஏறி நின்றாள். பிறந்ததிலிருந்து இந்தக் குரலைத் தன் தெருவைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள். இன்றைக்குத் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இருபத்தாறு வீடுகளும் கழுத்தை நீட்டிப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

"ஒதுங்கு!"

சுவர் நின்றது. சங்கரவேலு சிரித்தார், அவருக்குப் பின்னால் நாலு பேர் சிரித்தார்கள்.

"ஒதுங்கு!"

சுவரில் ஒட்டியிருந்த பல்லி ஒன்று இறங்கி ஓடியது.

மூன்றாவது தடவை அவள் கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள், இரண்டு பேர் எதிரெதிரே வருகிற பாதையில் ஒருவருக்கு ஒருவர் சொல்கிற மாதிரி. "கொஞ்சம் ஒதுங்கு."

சுவருக்குள் என்னவோ புரண்டது. கட்டிய நாளிலிருந்து அதை யாரும் எதற்கும் ஒதுங்கச் சொன்னதில்லை. எந்தக் காலை முதலில் எடுப்பது என்று அதற்குத் தெரியவில்லை. ஒரு மூலை போனது, இன்னொரு மூலை வரவில்லை. மேலே வைத்திருந்த பூந்தொட்டிகள் வரிசையாக விழுந்து உடைந்தன. வாசல் வளைவில் பதித்த கமிட்டிப் பெயர்களில் பாதி முன்னாலும் பாதி பின்னாலும் போயின. சங்கரவேலு விலகிக்கொள்ள, சுவர் தடுமாறி, தள்ளாடி, உருண்டு விழப் பார்த்து, தன் மண்டபத்தையே பிடித்துக்கொண்டு ஒருவழியாக நின்றது. முன்பு இருந்த இடத்திலிருந்து சரியாக அரை அடி தள்ளி.

யாரும் கைதட்டவில்லை. பேச்சிக்கனி சிவப்புக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தாள். பச்சைக் கொடியை எடுத்தாள்.

கோவர்த்தன் சுவரைத் தலை சாய்த்துப் பார்த்தார். "கோணலா நிக்குதேம்மா" என்றார்.

"மொதத் தடவல்லா சார்" என்றாள் அவள், கொடியை விரித்துக்கொண்டே. "பழகிரும்."